தராசுக்காரர் சந்தில் ஒரு சுங்கச் சாவடி

பிப்ரவரி 8, ஞாயிறு

மதுரையை நான் பார்த்திருக்கிறேனா? கோவர்தனன் போனில் இதைத்தான் முதலில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு பகல் இங்கே இருந்தேன். ஒரு பகல் இருந்தால் பார்த்ததாகுமா? "வந்திருக்கேன் சார்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பழைய நகருக்குள் பயணிகளை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு சின்னச் சங்கம் பயிற்சி கொடுத்து அட்டை வழங்குகிறது. கோவர்தனன் அதன் தலைவர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். அட்டை கொடுக்கும் முன் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளரை அழைப்பார்கள். இந்த வருடம் சேலத்திலிருந்து நான். யாரென்று சொல்லாமல் சாதாரணப் பயணியாக அவர்களோடு நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு, அன்றுதான் நான் யாரென்று அவர்களுக்குத் தெரியும். தேர்வுக்கு இருப்பவர்கள் இரண்டே பேர்.

கோயிலில் வைத்துப் பெண்ணுக்குத் தெரியாமல் பெண் பார்ப்பார்களே, அது போல. நான் இதுவரை மறுபக்கத்தில்தான் இருந்திருக்கிறேன்.

டவுன் ஹால் ரோட்டில் அறை. ஜன்னலில் கோபுரத்தின் மேல்பாதி, தண்ணீர்த் தொட்டியின் கீழ்பாதி. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

முதல் ஆள் வரதராஜன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லேமினேட் செய்த பதினான்கு வரைபடங்களோடு வந்தார். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் எப்படிச் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கின்றன என்பதைக் காட்டினார். ஒவ்வொரு தகவலுக்கும் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொன்னார். ஒரு தவறும் இல்லை. மூன்று மணி நேரத்தில் ஒரு முறை சிரித்தார், அதுவும் போனில்.

"கேள்வி இருந்தா கடைசியில கேளுங்க" என்றார். கடைசியில் யாருக்கும் கேள்வி இல்லை, பசிதான் இருந்தது.

நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன். போடாமல் இருக்கக் காரணம் கிடைக்கவில்லை.

குதிகாலில் கொப்புளம். மேல மாசி வீதியில் நடைபாதைக் கடையில் செருப்பு வாங்கினேன். கடைக்காரர் என் காலைப் பார்த்து, "ஏம்மா, இதுக்கு முன்னாடி நடந்ததே இல்லையா?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டாவது ஆள் அன்னக்கொடி. நாற்பத்து நான்கு வயது. விளக்குத்தூண் பக்கம் ஒரு புடவைக் கடையில் பதினெட்டு வருடம் விற்பனையில் இருந்தவர். கடையை மூடிவிட்டார்கள்.

காலை ஆறரைக்கு விளக்குத்தூண் அடியில் கூடினோம். ஓசூரிலிருந்து ஒரு தம்பதி, கோவையிலிருந்து மூன்று பெண்கள், நான். அன்னக்கொடி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா பேரு?"

"திலகா." முழுப்பெயர் திலகவதி. அதைச் சொல்லவில்லை.

"டீச்சரா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"பையில ரெண்டு பேனா வச்சிருக்கீங்க. வாங்க, வெயிலு ஏறுறதுக்குள்ள வெரசாப் போயிருவோம்."

புடவையை விரிப்பது போலத்தான் அவர் தெருவை விரிக்கிறார். முதலில் உடலைக் காட்டுவதில்லை. ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துக் காட்டி, "இங்கன என்ன இருக்குன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டு நிறுத்திவிடுகிறார். பத்துத் தூண் சந்தில், ஜவுளி மூட்டைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான கல் தூண்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொன்னார். ஓசூர்க்காரர் தொட்டுவிட்டு, கண்ணைத் திறந்து, அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஆனால் பொய். வண்டி வண்டியாகப் பொய். தெற்கு ஆவணி மூல வீதிக்கு அருகே ஒரு வீட்டு ஜன்னலில் பன்னிரண்டு கம்பிகள்.

"இந்த வீட்டுக்காரருக்குப் பன்னெண்டு பொண்ணு. ஒவ்வொரு பொண்ணு பொறக்கயிலயும் ஒரு கம்பி வச்சாரு."

"யாரு சொன்னா?" என்றேன்.

"வீடே சொல்லுதுல்லக்கா."

"அப்ப ஜன்னலை முதல்ல எப்படி விட்டிருந்தாரு? ஒரே கம்பியோடவா?"

கோவைப் பெண்கள் சிரித்தார்கள். அன்னக்கொடியும் சிரித்தார். "அக்கா வெவரமான ஆளு. இவங்கள்ட்ட புடவ விக்க முடியாது."

பருத்திப்பால் குடிக்க நின்றபோது தனியாகக் கேட்டேன், தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் என்ன என்று.

"கடையில 'இல்ல'ங்கிற வார்த்தையே வரக் கூடாதுக்கா. கிளிப்பச்ச கேட்டு அது இல்லாட்டி, அதவிட நல்லதா ஒண்ண எடுத்துப் போடணும். பதினெட்டு வருசம் அப்படியே பழகிருச்சு. ஆளுக கேக்கயில மூஞ்சியப் பாத்தா, வெறுங்கையோட அனுப்ப மனசு வர மாட்டேங்குது."

மீண்டும் கடை வேலைக்குப் போகலாமே என்றேன்.

"நிக்கிறதுதாங்க்கா வலி. பதினெட்டு வருசம் நின்னேன், கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிருச்சு. நடக்குறது சொகமா இருக்கு. மார்ச்சுலருந்து அட்ட இருக்குற ஆளுகளத்தான் லாட்ஜுக்காரங்க கூப்புடுவாங்களாம். வெள்ளிக்கிழம பரீட்சையில தேறலைன்னா மறுபடி கவுண்டருக்குப் பின்னாடிதான். யாரோ வெளியூர்லருந்து பெரிய படிப்பு படிச்ச அம்மா வர்றாங்களாம், பரீட்ச வைக்க."

நான் பருத்திப்பாலைக் குடித்தேன். இனிப்பு அதிகம்.

கடைசியாகத் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் தராசுக்காரர் சந்து. அதில் ஒரு பழைய வீடு. வாசல் நிலைக்கு மேலே கனமான இரும்பு வளையம். பக்கத்தில் 'நாயக்கர் காலச் சுங்கச் சாவடி' என்று நீலப் பெயிண்டில் ஒரு பலகை. தெற்கேயிருந்து வந்த பாரவண்டிகள் இங்கே நின்று சுங்கம் கட்டியதாகவும், கட்டி முடித்ததும் இந்த வளையத்தில் தொங்கிய மணியை அடித்ததாகவும் அன்னக்கொடி சொன்னார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"கேப்பீங்கன்னு தெரியும்க்கா. இது நான் விட்டதில்ல. இதுக்கு ஆதாரம் இருக்கு!"

பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தார். ஏதோ கருத்தரங்க மலரில் வந்த கட்டுரை. மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். மலரின் பெயரையும் வருடத்தையும் பார்த்தேன். எழுதியவர் பெயரையும் பார்த்தேன்.

தலைவலி. அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

எங்கும் போகவில்லை. துணி துவைத்தேன்.

அதே நாள், மாலை

எழுதிவிடுவது நல்லது. அந்தக் கட்டுரையை எழுதியது சு. திலகவதி, அதாவது நான். வருடம் 2001, எம்.ஃபில். சமயம். ஒரு பகல் மதுரையில் இருந்தேன் என்று மேலே எழுதியது அந்தப் பகலைத்தான். மழை. பார்க்க வேண்டிய ஐந்து இடங்களில் நான்கை முடித்துவிட்டேன். ஐந்தாவதாகத் தராசுக்காரர் சந்தில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். எதிர் வீட்டு வளையத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். டீக்கடைக்காரர், "அந்தக் காலத்துச் சாவடிம்மா, மணி தொங்கும்" என்றார். தராசுக்காரர் சந்து, சாவடி, மணி. எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்தின! கதவைத் தட்டவில்லை. மூன்றே முக்காலுக்குப் பஸ். கட்டுரையில் 'கள ஆய்வில் தெரியவருகிறது' என்று எழுதினேன்.

நேற்று அந்த வீட்டை நிதானமாகப் பார்த்தேன். தேக்கு நிலை, சீமை ஓடு, பூவேலை இரும்புக் கிராதி. நாயக்கர் காலமாம்! இரண்டாம் ஆண்டு மாணவி சொல்லியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

சங்கத்தின் மதிப்பெண் தாளில் நான்கு பகுதிகள். நான்காவதில் தேறியே ஆக வேண்டும்: 'தாமாகக் கண்டறிந்த ஓர் இடம், சான்றுடன்.' அன்னக்கொடி சொன்னவற்றில் பதினொன்றைக் குறித்து வைத்தேன். ஏழுக்கு ஆதாரம் இல்லை. சான்றோடு அவர் காட்டியது ஒன்றே ஒன்று, என் கட்டுரை.

கோவர்தனனுக்குப் போன் செய்து, அன்னக்கொடி சுங்கச் சாவடியை எதை வைத்துச் சொல்கிறார் என்று பொதுவாக விசாரித்தேன். "அது அச்சில இருக்கும்மா. அந்த ஒண்ணுதான் அவங்களைக் காப்பாத்தணும்" என்றார்.

அச்சில் இருக்கிறது. ஆமாம்.

பிப்ரவரி 12, வியாழன்

சந்தேகம் இருந்தால் இரண்டாவது முறை நடக்கலாம் என்பது விதி. அன்னக்கொடியோடு மறுபடி நடை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா மறுபடி வந்துட்டீங்க! வெலயக் கேட்டுட்டு எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டுத் திரும்பி வர்றாங்கன்னா அது உறுதியான பார்ட்டி."

கிளம்பும் முன் இட்லி வாங்கித் தந்தார். மறுத்தேன். இலையைக் கையில் வைத்துவிட்டார். சாப்பிட்டேன்.

ஜன்னல் கம்பிகள் இன்று பன்னிரண்டு மருமகள்களாகிவிட்டன. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தராசுக்காரர் சந்தில் அவர் சுங்கச் சாவடியைத் தொடங்கினார். இன்றைய குழு வாய் பிளந்து கேட்டது. நான் வாசலுக்கு மேலே பார்த்தேன். வளையத்துக்கு மேலே, அடுக்கடுக்கான சுண்ணாம்புக்கு அடியில், எழுத்தோ எண்ணோ புடைத்திருந்தது.

"அங்க ஏதோ எழுதியிருக்கே. என்னன்னு பாத்திருக்கீங்களா?"

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அன்னக்கொடி அண்ணாந்து பார்த்தார். ஏதாவது ஒரு ராஜா வரப்போகிறார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"பாக்கலைக்கா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கட்டுரையில அதப் பத்தி ஒண்ணும் போடலயே."

"போடல."

"எழுதினவங்க பாத்திருப்பாங்கள்ல?"

"பாத்திருக்கணும்" என்றேன்.

நடை இருபது நிமிடம் முன்னதாகவே முடிந்தது.

மாலையில் யோசித்துப் பார்த்தேன். நாளை நான் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு அட்டை கிடைக்கும். என் பெயர் கெடாது. வீட்டுக்காரர் பலகை தொங்கும். வாயைத் திறந்தால் மூன்றும் போகும், லாபம் வரலாற்றுக்கு மட்டும். வரலாறு எனக்கு இதுவரை எந்த உதவியும் செய்ததில்லை. திறக்கப்போவதில்லை. முடிவு செய்துவிட்டேன்.

இஸ்திரிக்குக் கொடுத்த புடவையை வாங்கிவந்தேன். மடிப்பு சரியில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

வடக்கு வெளி வீதியில் சங்கத்தின் அலுவலகம், மாடியில். ஒரு மேசை, இரண்டு மின்விசிறி, சுற்றுவது ஒன்று. வரதராஜன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். அட்டை உறுதி.

அடுத்து அன்னக்கொடி. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா... நீங்களா அந்தம்மா?"

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "சார், நேத்து இவங்களுக்கு மூணு இட்லி வாங்கிக் குடுத்துட்டேன். யாருன்னு தெரியாமக் குடுத்தேன். அது லஞ்சத்துல வராதுல்ல?"

கோவர்தனன் என்னைப் பார்த்தார். "மூணா?"

"நாலு" என்றேன்.

முதல் மூன்று பகுதிகளும் நன்றாகப் போகவில்லை. பன்னிரண்டு பெண்களுக்கு ஆதாரம் கேட்டார் கோவர்தனன். பன்னிரண்டு மருமகள்களுக்கும் கேட்டார். என் குறிப்பு அவர் முன்னால் இருந்தது. அன்னக்கொடி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, கடைசிப் பகுதி. சுங்கச் சாவடி. சான்று கொண்டுவந்திருக்கீங்கள்ல? அதக் குடுத்தா முடிஞ்சுது." கை நீட்டினார். கருணையோடுதான் நீட்டினார்.

அன்னக்கொடி பையைத் திறந்தார். ஜெராக்ஸை எடுத்தார், கொடுக்கவில்லை.

"சார், அது சுங்கச் சாவடி இல்ல."

கோவர்தனன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"நேத்து இவங்க மேல என்னமோ எழுதிருக்குன்னு சொன்னாங்க. மனசு கேக்கல. சாயந்தரம் போயி கதவத் தட்டுனேன். நாகசுந்தரம் ஐயான்னு, எம்பத்தோரு வயசு, அவரு வீடுதான் அது. ஏணி போட்டுச் சொரண்டிப் பாத்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுன்னு இருக்கு. மணி தொங்குனது நெசந்தான். அவங்கப்பா அங்கன டைப்ரைட்டிங் கிளாஸ் நடத்திருக்காரு. மணிக்கொரு தடவ பேட்ச் மாத்துறதுக்கு அந்த மணி. இந்தா பாருங்க, போட்டோ."

போனை நீட்டினார். பழைய புகைப்படம் ஒன்றைப் படம் பிடித்திருந்தார். அதே வாசல், அதே வளையம், வளையத்தில் மணி. கீழே வரிசையாக ஒல்லியான இளைஞர்களும் இரட்டைச் சடைப் பெண்களும். பின்னால் பெயர்ப்பலகை: 'ஹையர், லோயர், சுருக்கெழுத்து.' மூலையில் 1958. அடுத்த படத்தில் சுரண்டிய சுவர், தெளிவாக 1911.

"அப்ப அவரு ஏன் சாவடின்னு பலகை வச்சிருக்காரு?" என்றார் கோவர்தனன்.

"நான் சொல்லித்தான் வச்சாரு. 'ஏங்கய்யா, நெசம் தெரிஞ்சும் இம்புட்டு நாளா சொல்லல'ன்னு கேட்டேன். 'நீ சொன்னது நல்லாருந்துச்சு தாயி. அதோட நீ என்னயக் கேக்கவே இல்லையே. எழுதினவுகளும் கேக்கல'ன்னாரு."

நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிப்ரவரியிலேயே இந்த ஊரில் இப்படி வெயில்.

திரும்பி வந்தபோது கோவர்தனன் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பொரிந்துகொண்டிருந்தார். "கதவைக்கூடத் தட்டாம எழுதிருக்காங்க. எவ்வளவு பொறுப்பில்லாத ஆளு! 'கள ஆய்வில் தெரியவருகிறது'! யாரு இந்த சு. திலகவ..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான் சார்" என்றேன்.

நேற்று மாலை ஒரு முடிவு எடுத்திருந்தேன். அது எங்கே போனது என்று தெரியவில்லை. டீக்கடை, மழை, மூன்றே முக்கால் பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாகப் பேசியிருக்க வேண்டும். கோவர்தனன் நடுவில் எனக்குத் தண்ணீர் நகர்த்தி வைத்தார்.

அன்னக்கொடி வாயில் கை வைத்திருந்தார். "ஐயய்யோ, அக்கா! நீங்க எழுதுனதுன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பக்குவமாச் சொல்லிருப்பேனே!"

"பக்குவமா எப்படிச் சொல்லுவீங்க?" என்றார் கோவர்தனன்.

"'நல்ல துணிதான், சாயம் மட்டும் கொஞ்சம் போயிருச்சு'ன்னு."

கோவர்தனன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான்காவது பகுதிக்கு என்னிடம் மதிப்பெண் கேட்டார். முழு மதிப்பெண் போட்டேன். அச்சில் இருந்த ஒரு தகவலைத் தானே போய்ச் சரிபார்த்து, தவறு என்று சான்றோடு நிரூபித்திருக்கிறார். தேர்வுக்கு முந்தின மாலையில், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதத்தைத் தானே செல்லாததாக்கியிருக்கிறார். என் மாணவர்களில் யாரும் இதைச் செய்ததில்லை. நானும் செய்ததில்லை.

அட்டை கொடுப்பதாக முடிவாயிற்று, ஒரு நிபந்தனையோடு. தெரிந்ததை 'தெரியும்' என்றும், கேட்டதை 'சொல்லக் கேள்வி' என்றும், தோன்றியதை 'எனக்குத் தோணுது' என்றும் சொல்ல வேண்டும். அன்னக்கொடி மூன்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.

"சரி, அந்த மணி இப்ப எங்க இருக்கு?" என்று கோவர்தனன் சும்மா கேட்டுவைத்தார்.

"அதுவா சார், அது ஒரு பெரிய..." என்று ஆரம்பித்தவர் உதட்டைக் கடித்தார். "கேக்கல சார். இப்பவே போயிக் கேட்டுட்டு வந்துரட்டுமா?"

சங்கத்தின் அடுத்த மலருக்கு என் கட்டுரைக்கான திருத்தத்தை எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். படி இறங்கும்போது அன்னக்கொடி பின்னாலேயே வந்தார்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. இத நடையில சொல்லிக்கிரலாமா? எழுதுனவங்களே வந்து தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு. சாவடியவிட இது நல்லாருக்கும்."

"சொல்லுங்க."

"பேரச் சொல்ல மாட்டேன்."

"பேரோட சொல்லுங்க. பேரில்லாம சொன்னா அது சான்று ஆகாது."

நாளை காலை அவருடைய முதல் அட்டை நடை. எனக்குப் பத்தரைக்கு ரயில். நடைக்குப் போகப்போவதில்லை. தேர்வாளர் தேர்வுக்குப் பிறகு அங்கே போய் நிற்பது முறையல்ல. பெட்டி கட்ட வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

போனேன். பெட்டியை லாட்ஜ் வரவேற்பறையில் விட்டுவிட்டு ஆறரைக்கு விளக்குத்தூணில் நின்றேன். எட்டுப் பேர் இருந்தார்கள். அன்னக்கொடியின் கழுத்தில் அட்டை, அதற்குப் பொருத்தமாக மாம்பழ நிறப் புடவை. என்னைப் பார்த்தார், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தொழில் தெரிந்தவர். நான் பின்வரிசைக்குப் போனேன்.

ஜன்னலுக்கு முன் நின்று, "பன்னெண்டு கம்பி இருக்கு, இது தெரியும். எதுக்குன்னு தெரியாது. பன்னெண்டு பொண்ணுகளுக்காகன்னு எனக்குத் தோணுது" என்றார். ஒருவர் உடனே படம் எடுத்துக்கொண்டார்.

தராசுக்காரர் சந்தில் நாகசுந்தரம் ஐயா வெளுத்த வேட்டியோடு வாசலில் தயாராக நின்றார். பலகையில் 'நாயக்கர் காலச் சுங்கச் சாவடி'க்கு மேல் ஒரு கோடு, கீழே சாக்பீஸால் 'டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், 1958'. அன்னக்கொடி 1911ஐக் காட்டினார், புகைப்படத்தைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதச் சாவடின்னு எழுதுனது டாக்டர் திலகவதின்னு ஒரு பெரிய ஆராய்ச்சிக்காரம்மா. சேலம். தப்புன்னு தெரிஞ்சதும் எம்புட்டோ பேரு மூடி மறைப்பாங்க. அவங்க மறைக்கல. நேத்து பெரிய சபையில, அத்தன பேருக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு, 'நான்தான்'னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதுட்டாங்க. இது தெரியும். நான் பாத்தேன்."

சபையில் மூன்று பேர்தான் இருந்தோம். நான் எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்துதான் சொன்னேன். அழவும் இல்லை.

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, "பாவம்ல அந்தம்மா?" என்றாள்.

"ஆமா" என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.